நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி: ரிப்போர்ட், மாத்திரை, சாப்பாடு, குடும்பம், வேலை

#1 நெல்லை வாசகன்

ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பற்றி இங்கே வரும் கேள்விகளில் பாதி "எப்போது நெகட்டிவ் ஆகும்?", மீதிப் பாதி "என்ன சாப்பிடக் கூடாது?" இவற்றுக்கு அப்பால் முப்பது நாற்பது வருட வாழ்க்கை கிடக்கிறது. அதைப் பற்றிக் கேட்பவர் குறைவு. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாங்க" என்று டாக்டர் அனுப்புகிறார். வீட்டுக்கு வந்தவர் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொள்கிறார், எண்ணெயை நிறுத்துகிறார், கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடுகிறார். ஆறு மாதம் கழித்துப் போகச் சொன்னதை மட்டும் விட்டுவிடுகிறார். தேவையில்லாத கட்டுப்பாட்டில் வாழ்க்கை சுருங்கிப்போகிறது, தேவையான கண்காணிப்பு நின்றுபோகிறது. வைரஸ் செய்வதைவிட இது அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து.

ஆய்வகம், மருந்தகம், செவிலியர், உணவியல் துறையில் இருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எதைச் செய்ய வேண்டும், எது எங்கே தப்பாகப் போகிறது என்று எழுதுங்கள்.

#2 ஆய்வகம்42

ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குகிறேன்.

எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதம்) 'ரியாக்டிவ்' என்றால் வைரஸ் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. கார்டு டெஸ்ட்டில் ரியாக்டிவ் வந்தால் எலைசா முறையில் உறுதி செய்யுங்கள். ஆறு மாதம் தாண்டியும் பாசிட்டிவாக இருந்தால்தான் 'நாள்பட்ட' என்ற பெயர்.

வளர்ந்தவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகவே அது நாள்பட்டதாக மாறும். பிறக்கும்போதோ முதல் வருடத்திலோ தொற்றினால் 100-க்கு சுமார் 90 குழந்தைகளுக்கு மாறிவிடும். அதனால் 30 வயதில் ஹெல்த் செக்கப்பில் தெரியவரும் நாள்பட்ட தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வந்தது. "எங்கே போய் வாங்கிட்டு வந்தே?" என்று வீட்டில் கேட்பது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

உறுதியான பிறகு எச்பிஎஸ்ஏஜி-யை மாதாமாதம் எடுப்பது வீண் செலவு. அது நெகட்டிவ் ஆவது வருடத்துக்கு 100-ல் ஒருவர் என்ற அளவில்தான். அந்தப் பணத்தை எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி), எச்பிவி டிஎன்ஏ (ரத்தத்தில் வைரஸின் அளவு), எச்பிஇஏஜி (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்), பிளேட்லெட் ஆகிய நான்குக்கும் வையுங்கள்.

எஸ்ஜிபிடி-யில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆய்வகங்கள் மேல் வரம்பை 40, 45, 55 என்று அச்சடிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் ஹெபடைட்டிஸ் பி-க்கு ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்பதுதான் வரம்பு. ஒரு பெண்ணுக்கு 38 வந்தால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வராது, "நார்மல்தான்" என்று மடித்து வைத்துவிடுவார்கள். உண்மையில் அது வரம்பைப் போல இரண்டு மடங்கு.

ஜிம்முக்குப் போகிறவர்கள் கவனிக்க: கடுமையாக எடை தூக்கிய அடுத்த சில நாட்களில் ரத்தம் கொடுத்தால் எஸ்ஜிஓடி (இன்னொரு நொதி), எஸ்ஜிபிடி இரண்டும் தசையிலிருந்தே ஏறும். ஒரு வாரம் விட்டு எடுங்கள். சந்தேகம் இருந்தால் கூடவே சிபிகே என்ற தசை நொதியைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் தசைதான் காரணம் என்று நினைக்க இடமிருக்கிறது.

#3 புதுகை பாலா

அண்ணா, ஒரு சந்தேகம். மச்சானுக்கு டிஎன்ஏ போன தடவை 1,800, இந்தத் தடவை 3,100. "ரெண்டு மடங்கு ஏறிடுச்சு"ன்னு வீடே பதறுது. பழைய ரிப்போர்ட் ஒண்ணுல 9,000னு வேற இருக்கு.

#4 ஆய்வகம்42

தம்பி, டிஎன்ஏ எண்ணைப் பத்தின் மடங்குகளாகப் பார்க்க வேண்டும். 1,800-லிருந்து 18,000 போனால் அது ஏற்றம். ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலே மூன்று மடங்கு வரை வித்தியாசம் வரலாம். ஆகவே 1,800-ம் 3,100-ம் ஏறக்குறைய ஒரே அளவு.

பழைய 9,000-க்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பாருங்கள். 'காப்பீஸ்' என்ற பழைய அலகு இருந்தால் சுமார் ஐந்தால் வகுக்க வேண்டும், இப்போதைய அலகான ஐயூ-வில் 1,800 வந்துவிடும். அலகைக் கவனிக்காமல் ஒப்பிட்டு "குறைந்துவிட்டது", "கூடிவிட்டது" என்று சொல்வது சாதாரணமாக நடக்கிற தப்பு. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்.

ஆனாலும் 2,000 ஐயூ என்பது சிகிச்சை முடிவுக்கான ஒரு கோடு. அதன் ஓரத்தில் நிற்பவருக்கு எஸ்ஜிபிடி எவ்வளவு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. செவிலியக்கா சொல்வார்.

#5 செவிலியக்கா (கல்லீரல் புறநோயாளிப் பிரிவு)

பாலா, மச்சானின் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டையும் எஸ்ஜிஓடி-யையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று மதிப்பிட ஏப்ரி என்று ஒரு கணக்கு, வீட்டிலேயே போடலாம். எஸ்ஜிஓடி-யை ஆய்வகத்தின் மேல் வரம்பால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எழுதி அதால் வகுக்க வேண்டும். எஸ்ஜிஓடி 48, மேல் வரம்பு 40, பிளேட்லெட் 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ 40-ஆல் வகுத்தால் 1.2. நூறால் பெருக்கினால் 120. அதை 160-ஆல் வகுத்தால் 0.75. பெரியவர்களுக்கு 0.5-க்கு மேல் என்றால் தழும்பு இருக்கலாம், 1-க்கு மேல் என்றால் சிரோசிஸ் (தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகிய நிலை) இருக்கலாம் என்று 2024 வழிகாட்டுதல் எடுத்துக்கொள்கிறது. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் அதே கோடுகள் 7 கிலோபாஸ்கலும் 12.5 கிலோபாஸ்கலும்.

தழும்பு இருந்தால் டிஎன்ஏ எவ்வளவு என்று பார்க்காமலே சிகிச்சை. தழும்பு இல்லையென்றால், டிஎன்ஏ 2,000-க்கு மேல் இருந்து எஸ்ஜிபிடி-யும் வரம்பைத் தாண்டியிருந்தால் சிகிச்சை. ரத்த உறவில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோயோ சிரோசிஸோ இருந்தாலும், சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி அல்லது டி சேர்ந்திருந்தாலும் மாத்திரை தொடங்கலாம் என்று வந்துவிட்டது. அதனால் 2024-க்கு முன்னால் "மாத்திரை வேண்டாம்" என்று சொல்லப்பட்டவர்கள் மறுபடி ஒருமுறை போய்க் கேளுங்கள். வைரஸ் மாறாமல் இருக்கலாம், கோடு நகர்ந்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் டி-க்கான ஆன்டிபாடி டெஸ்ட்டை இதுவரை எடுக்கவில்லை என்றால் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாக வரும். எஸ்ஜிபிடி மிக அதிகமாக இருக்கும்போது எடுத்தாலும் வீக்கத்தால் கூடுதலாகக் காட்டும். "14 வந்துவிட்டது, சிரோசிஸ்" என்று கதறி வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது "காலையில் டிபன் சாப்பிட்டீங்களா?"

இன்னொன்றைச் சத்தமாகவே சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலேயே கல்லீரல் புற்றுநோய் வரலாம். சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர்களுக்கும், 40 தாண்டிய ஆண்களுக்கும் 50 தாண்டிய பெண்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் வேண்டும். ஏஎஃப்பி என்ற, கட்டிக்கான ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, அது நார்மலாக இருக்கும்போதே கட்டி இருக்கலாம். ஆறு மாதம் என்பதும் சும்மா வைத்த கணக்கு இல்லை. சிறிய கட்டி இரு மடங்காவதற்கு ஆகும் காலம் ஏறக்குறைய அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை என்று தள்ளினால், வெட்டி எடுக்கக்கூடிய அளவில் பிடிக்கும் வாய்ப்பு கைநழுவும். மாத்திரை சாப்பிட்டு டிஎன்ஏ தெரியாத அளவுக்கு இறங்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

#6 புதுகை பாலா

நன்றி அக்கா. கணக்குப் போட்டேன், 0.4 வருது. எஸ்ஜிபிடி 44. டாக்டர்கிட்ட அழைச்சுட்டுப் போறேன்.

#7 மருந்தாளுநர் மணி

மாத்திரையைப் பற்றி. இன்று முதல் வரிசையில் இருப்பவை மூன்று: டெனோஃபோவிர் டிடிஎஃப் 300 மி.கி., டெனோஃபோவிர் டிஏஎஃப் 25 மி.கி., என்டகாவிர் 0.5 மி.கி. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. சாப்பாட்டோடு இவற்றுக்கு உள்ள உறவு வேறுவேறு, அங்கேதான் குழப்பம்.

டிடிஎஃப் எப்போது வேண்டுமானாலும் போடலாம். டிஏஎஃப் சாப்பாட்டோடு. என்டகாவிர் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு. காலையில் எழுந்து மாத்திரை போட்டு, பத்து நிமிடத்தில் பால் விட்ட காபி குடித்தால் அது வெறும் வயிறு இல்லை. எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு முடிப்பவர்கள் பத்தரைக்குப் படுக்கும்போது போடுவது நம் ஊர் வழக்கத்துக்கு எளிது.

மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும். இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. ஒரு நாள் தவறினால் பெரிய கேடு இல்லை. "டிஎன்ஏ தெரியவில்லை என்று வந்துவிட்டது, குணமாகிவிட்டது" என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் சிசிசி டிஎன்ஏ என்று வைரஸின் மூலப் பிரதி தங்கியிருக்கிறது. மாத்திரை நகல் எடுப்பதைத்தான் நிறுத்துகிறது, மூலத்தை அழிப்பதில்லை. நிறுத்திய சில வாரம் அல்லது சில மாதத்தில் நகல்கள் மறுபடி பெருகும், உடம்பின் எதிர்ப்பு சக்தி அவற்றை ஒரேயடியாகத் தாக்கும், எஸ்ஜிபிடி ஆயிரத்தைக்கூடத் தாண்டலாம். சிரோசிஸ் உள்ளவருக்கு அது உயிரையே எடுக்கலாம்.

கடையில் வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். டெனோஃபோவிர் எச்ஐவி மருந்திலும் உண்டு. டெனோஃபோவிரோடு லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டு மாத்திரை எச்ஐவி-க்கானது, அதை மாற்றாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதே காரணத்தால்தான் மாத்திரை தொடங்கும் முன் எச்ஐவி டெஸ்ட் கேட்கிறார்கள். தெரியாமல் எச்ஐவி-யும் இருந்து, ஒற்றை மருந்து மட்டும் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்துக்கு மசியாத வைரஸாக மாறிவிடும். கேட்டதற்காக யாரும் அவமானப்பட வேண்டாம்.

மாத்திரையை அதன் டப்பாவிலேயே வையுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. மொத்தமாகப் பிளாஸ்டிக் டப்பியில் கொட்டி வைப்பது நல்லதில்லை.

#8 மேலப்பாளையம் நாசர்

டிடிஎஃப் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, மணி அண்ணே?

#9 மருந்தாளுநர் மணி

எல்லாருக்கும் இல்லை நாசர். 60 வயதுக்கு மேல், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே கிரியாட்டினின் உயர்ந்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு டிஏஎஃப் அல்லது என்டகாவிர் என்று டாக்டர் மாற்றுவார். மற்றவர்கள் தொடங்கும் முன் ஒருமுறையும் பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், பாஸ்பேட் பார்த்தால் போதும்.

நிஜமாகக் கிட்னியைக் கெடுப்பது டிடிஎஃப்-ஓடு சேர்த்து மாதக்கணக்கில் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். மூட்டுவலிக்கு அவரவரே வாங்கிப் போட்டுவிட்டுப் பழியை டெனோஃபோவிர் மேல் போடுகிறார்கள். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் போடலாம். சிரோசிஸ் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராம், அதாவது 500 மி.கி. நான்கு, அதைத் தாண்ட வேண்டாம். டிஏஎஃப் சாப்பிடுபவர்கள் வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாஸெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எது எழுதப்பட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், டிஏஎஃப்-பின் அளவை இவை குறைத்துவிடும்.

#10 சித்தமருந்து ஆர்வலர்

எல்லாரும் ஆங்கில மருந்தையே பேசுகிறீர்கள். கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி-யைக் குணமாக்கும் என்று சென்னையிலேயே ஆராய்ச்சி நடந்து, லான்செட் மருத்துவ இதழிலேயே வந்ததே? அதை ஏன் மறைக்கிறீர்கள்?

#11 ஆய்வகம்42

மறைக்க ஒன்றும் இல்லை ஐயா, நம் ஊரில் பிறந்த ஆராய்ச்சி என்பதால் அதை முழுதாகவே பேசுவோம். 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு செய்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் ஒரு ஆசிரியர். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது, வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது என்று எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

ஒரு மருந்து உண்மையில் வேலை செய்தால் வேறு இடத்திலும் வேலை செய்ய வேண்டும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள், எச்பிஎஸ்ஏஜி மறையவில்லை. அதன் பிறகு வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும் நம்பத்தக்க பலன் கிடைக்கவில்லை. அந்த ஆராய்ச்சியைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நல்ல கேள்வியைக் கேட்டார்கள். இன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி குடிக்கச் சொல்பவர்கள் அந்த முதல் கட்டுரையோடு நின்றுவிடுகிறார்கள்.

கீழாநெல்லிக்கு இவ்வளவு பேர் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். மோரில் அரைத்துக் குடித்தவரும் குணமாவார், குடிக்காதவரும் குணமாவார். குடித்தவர் செடிக்கு நன்றி சொல்வார். அந்த நம்பிக்கையை நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்குக் கொண்டுவருவதுதான் பிசகு.

#12 செவிலியக்கா

எங்கள் பிரிவுக்கு வருபவர்களிடம் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று திட்டாமல்தான் கேட்கிறோம். திட்டினால் மறைப்பார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் தொடர்ந்து சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெயர் தெரியாத பொடி, பஸ்மம், "லிவர் டானிக்", உடம்பு ஏற்றும் ஜிம் பவுடர் எதுவானாலும் டப்பாவோடு கொண்டு வாருங்கள். காமாலைக்குக் கையில் சூடு போடுவது, கண்ணில் சொட்டு விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

#13 கோவை உணவியல்

பத்தியம் பற்றி என் பங்கு. சிரோசிஸ் இல்லாத ஹெபடைட்டிஸ் பி-க்குத் தனிப் பத்தியம் எதுவும் கிடையாது. எண்ணெயே இல்லாத சமையல், தயிர்சாதமும் கரும்புச்சாறும் மட்டும், முட்டை மீன் கூடாது, மஞ்சள் தூள் கூடாது என்பவை எல்லாம் காமாலைப் பத்தியத்தின் மிச்சம். வருடக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டால் புரதம் குறைந்து தசை கரையும். ஜூஸும் சோறும் இனிப்புமாகப் போனால் கொழுப்புக் கல்லீரல் வரும். ஹெபடைட்டிஸ் பி-யும் கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரையும் ஒரே உடம்பில் சேர்வதுதான் நான் உண்மையாகவே பயப்படுவது.

மதுவை முழுக்க நிறுத்துங்கள். "பீர் மட்டும்" என்று ஒரு கணக்கு இதில் இல்லை. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம், வற்றல் மிளகாயைப் பொறுக்கிச் சேர்க்காமல் அப்படியே எறியுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் பொரித்தாலும் போகாது, ஹெபடைட்டிஸ் பி-யோடு சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்கு ஏற்றும். கசப்பாக ஒரு கடலைப் பருப்பு வாயில் பட்டால் துப்பிவிடுங்கள். காபி குடிக்கலாம், கல்லீரலுக்கு நல்லது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன, சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இடுப்புச் சுற்றளவைக் குறைப்பது, இவை எந்த லிவர் டானிக்கையும்விட மேல்.

சிரோசிஸ் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 72 கிராம் அல்லது கொஞ்சம் கூடுதல் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 அல்லது 8, 100 கிராம் மீனில் 20. கூட்டிப் பார்த்தால் நம் வழக்கமான சாப்பாட்டில் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். இரவு படுக்கும் முன் இரண்டு இட்லியோ, ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமுமோ கட்டாயம். இறுகிப்போன கல்லீரலால் இரவுக்கான சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. பத்து மணி நேரம் பட்டினி கிடந்தால் உடம்பு தசையை உடைத்து எரிக்கும். வயிற்றில் நீர் சேர்ந்தவர்களுக்கு உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, சமையலில் போடுவதையும் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் நான்கையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

#14 காரைக்குடி மீனா

குடும்பத்துக்குள் எதைப் பிரிக்க வேண்டும், எதைப் பிரிக்க வேண்டாம் என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மருமகளுக்குத் தனித் தட்டு, தனி பாத்ரூம். பார்க்கவே முடியவில்லை.

#15 செவிலியக்கா

மீனா, அந்த வீட்டுக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பது, கட்டிப்பிடிப்பது, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது, தும்மல், கொசு, கழிப்பறை எதிலும் ஹெபடைட்டிஸ் பி பரவாது. அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டால் பரவாது. ரத்தம், உடலுறவு, தாயிலிருந்து சேய், இவைதான் வழி.

பிரிக்க வேண்டியவை ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி, காதுக் கம்மல். உலர்ந்த ரத்தத்தில்கூட வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். வெட்டுக் காயத்தை மூடி வையுங்கள். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துடைத்து, ஒரு பங்கு பிளீச்சோடு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். சலூனிலும், கோயிலில் மொட்டை போடும் இடத்திலும், காது குத்தும்போதும் புதுப் பிளேடு, புது ஊசி எடுப்பதைக் கண்ணால் பாருங்கள். இது எல்லாருக்குமான பழக்கம்.

வீட்டில் உள்ள மற்ற எல்லாருக்கும் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் (பாதுகாப்பு தரும் ஆன்டிபாடி), ஆன்டி-எச்பிசி (எப்போதாவது தொற்று வந்ததா என்று காட்டும் ஆன்டிபாடி) மூன்றும் ஒருமுறை. பாதுகாப்பு இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில், மேல் கையில். இடுப்பில் போட்டால் பலன் குறையும். வாழ்க்கைத் துணைக்கு மூன்றாவது ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் பார்க்க வேண்டும், 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. அதுவரை ஆணுறை. அதற்குப் பிறகு சாதாரணத் தாம்பத்தியம், சாதாரணக் குடும்பம். கல்யாணத்துக்கு முன் சொல்லிவிடுங்கள், சொல்லும்போது தடுப்பூசி அட்டவணையையும் கையில் வைத்துச் சொல்லுங்கள். "நோய் இருக்கிறது" என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்குப் பயம் மட்டும் மிஞ்சும்.

#16 காரைக்குடி மீனா

அந்தப் பெண் ஐந்து மாத கர்ப்பம் அக்கா. பிள்ளைக்கு வந்துவிடும் என்றுதான் ஒதுக்குகிறார்கள்.

#17 செவிலியக்கா

அப்படியானால் இந்த வாரமே டிஎன்ஏ எடுக்கச் சொல்லுங்கள். 2,00,000 ஐயூ-வுக்கு மேல் இருந்தாலோ, டிஎன்ஏ எடுக்க முடியாமல் எச்பிஇஏஜி பாசிட்டிவாக இருந்தாலோ டெனோஃபோவிர் டிடிஎஃப் இப்போதே தொடங்கலாம், கர்ப்பத்தில் பாதுகாப்பானது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி, முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். கூடவே மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை ஆன்டிபாடி) ஊசி. இது எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த நேரத்தில் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை இரவு பிரசவமானால் அலைய வேண்டிவரும். எட்டாம் மாதத்திலேயே எங்கே இருக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே மீதி வந்துவிடும்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்காக மட்டும் சிசேரியன் வேண்டாம். குழந்தைக்கு 9-லிருந்து 12 மாதத்துக்குள் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் இம்யூனோகுளோபுலினின் மிச்சமே ஆன்டிபாடியாகத் தெரிந்து ஏமாற்றும். தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை எஸ்ஜிபிடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் சமயத்தில் ஏறுவது உண்டு.

#18 மேலப்பாளையம் நாசர்

வேலை விஷயம். வளைகுடா விசா மெடிக்கலில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் 'அன்ஃபிட்' போட்டுவிடுகிறார்கள். அங்கே பார்ப்பது எச்பிஎஸ்ஏஜி-யை மட்டும்தான், டிஎன்ஏ பூஜ்யம் என்று காட்டினாலும் எடுபடாது. "மூணு மாசத்துல நெகட்டிவ் ஆக்கித் தர்றோம்" என்று பணம் வாங்கும் ஏஜென்டுகளிடம் ஏமாறாதீர்கள், அப்படி ஒரு மருந்து கிடையாது. நிலத்தை விற்று ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்னால் உள்ளூரில் ஒரு எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் எல்லா இளைஞர்களுக்கும் சொல்வது.

நம் நாட்டிலும் சட்டப் பாதுகாப்பு ஒல்லிதான். 2017 எச்ஐவி சட்டம் எச்ஐவி-யோடு வாழ்பவர்களை வேலையில் பாகுபாட்டிலிருந்து காக்கிறது, ஹெபடைட்டிஸ் பி அதில் இல்லை. சீனாவில் 2010-லேயே வேலைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் கேட்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். இங்கேயும் வர வேண்டும்.

#19 நெல்லை வாசகன்

சோர்வைப் பற்றி யாரும் எழுதவில்லை. டிஎன்ஏ குறைவு, எஸ்ஜிபிடி நார்மல், ஆனாலும் "உடம்பே அசதியா இருக்கு" என்பவர்கள் நிறையப் பேர்.

#20 செவிலியக்கா

அசதியை உடனே கல்லீரல் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, தூக்கம் ஐந்தையும் முதலில் பாருங்கள். பலருக்குக் காரணம் அங்கே கிடைத்துவிடும், சரியும் செய்துவிடலாம். வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்துவதும் பெரும்பாலும் வாயுவோ தசையோதான். கல்லீரலின் உள்ளே வலி நரம்பு இல்லை, மேலுறை இழுபட்டால்தான் வலிக்கும்.

கல்லீரல் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 1999-ல் ஒரு கேள்வித்தாள் வந்தது. 29 கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, 1-லிருந்து 7 வரை மதிப்பெண், எண் குறைந்தால் தொந்தரவு அதிகம். அசதி, செயல்பாடு, மனநிலை, வயிறு, பொதுவான உடல் தொந்தரவு, கவலை என்று ஆறு பிரிவு. கவலைக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அந்த ஆறு தலைப்பையும் ஒரு நோட்டில் எழுதி, டாக்டரைப் பார்க்கப் போகும் முன் மதிப்பெண் போட்டுக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவதைவிட "அசதி 3, கவலை 2" என்று சொன்னால் அவர் கேட்பார். இரவெல்லாம் கூகுள் பார்த்துத் தூக்கம் போனவர்கள் 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

#21 மருந்தாளுநர் மணி

ஒன்று விட்டுப்போனது. ஸ்டீராய்டு, கீமோதெரபி, முடக்குவாதத்துக்கான ஊசிகள், ரிடுக்ஸிமாப் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஊசி), ஹெபடைட்டிஸ் சி மாத்திரை எதைத் தொடங்கும் முன்னாலும் ஹெபடைட்டிஸ் பி இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் இவற்றில் எழுந்து கல்லீரலைச் செயலிழக்க வைத்துவிடும். முன்னாலேயே டெனோஃபோவிரோ என்டகாவிரோ தொடங்கினால் தடுத்துவிடலாம். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் "ஒரே ஊசியில் சரியாகும்" என்று போடும் இடங்களில் அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள், ரத்தம் உறையும் நிலை பார்க்க வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்கிறேன். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மாவட்டத்தில் எது மையம் என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள். டப்பா தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்விடுங்கள்.

#22 புதுகை பாலா

கடைசியா ஒண்ணு. என் அக்காவுக்கு மூணு நாள் முன்னால முதல் தடுப்பூசி போட்டாச்சு. ரத்தம் இன்னிக்குத்தான் எடுத்தோம். எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ்னு வந்துருக்கு. அக்கா அழுதுட்டே இருக்கா.

#23 ஆய்வகம்42

அக்காவிடம் இப்போதே சொல்லுங்கள் தம்பி, இது தடுப்பூசியே காட்டும் ரியாக்டிவாக இருக்கலாம். அந்த ஊசியில் இருப்பதே எச்பிஎஸ்ஏஜி புரதம்தான், போட்ட பிறகு 18 நாள் வரை ரத்தத்தில் பிடிபடலாம். நான்கு வாரம் கழித்து எச்பிஎஸ்ஏஜி-யை மறுபடி எடுங்கள். இன்றைக்கு எடுத்த ரத்தத்திலேயே ஆன்டி-எச்பிசி போடச் சொல்லுங்கள். அது தடுப்பூசியால் வராது, உண்மைத் தொற்று இருந்தால்தான் வரும். நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் நிம்மதிதான். மற்றவர்களும் கவனியுங்கள், முதலில் ரத்தம், அதற்குப் பிறகு ஊசி.

#24 புதுகை பாலா

லேப்புக்குப் போன் பண்ணிட்டேன், அதே சாம்பிள்ல ஆன்டி-எச்பிசி போடுறாங்களாம். மச்சானுக்கு வெள்ளிக்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட்.